ஒரு ரேப் ரெக்கோடர், ஒரு பூனைமயிர், 52.3 ஹேர்ட்ஸ்

போன ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டு ரேப் ரெக்கோடர் ஒரு கசற்றின் ஒரு பக்கம் முழுவதையும் நாடாவைத் தின்னாமல் ஓடி முடித்தது. முடிந்ததும் ‘டக்’ என்று தானாகவே நின்றது. அந்த ‘டக்’ சத்தத்துக்காக ஐந்து கிழமை மினக்கெட்டிருக்கிறேன். செய்த பிழைகள் மறந்துபோக முன்னர் எழுதி வைக்கிறேன். சரியாகச் செய்தவை கொஞ்சம்தான்.

மெசின் அப்பாவுடையது. எண்பதுகளில் வந்த ஜப்பான் சாமான்; ரேடியோவும் ரேப்பும் சேர்ந்தது, ஒற்றை ஸ்பீக்கர். 230 வோல்ட்டிலும் ஓடும், நாலு பெரிய பற்றறியிலும் ஓடும். அப்பா போன பிறகு அலுமாரிக்கு மேலே ஏறியது, அங்கேயே இருந்தது. பக்கத்தில் ஒரு மா ரின்னுக்குள் 17 கசற். எல்லாவற்றிலும் அப்பாவின் சரிந்த எழுத்து: ‘அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரம்’, ‘தட்சிணாமூர்த்தி தவில்’, ‘பழைய பாட்டு 4’. ஒன்றில் மட்டும் ‘அம்மம்மா 93’. 1993 இல் அம்மம்மா பாட, அப்பா பதிந்தது. எனக்கு வேண்டியிருந்தது அது. மற்றவை கிடைத்தால் லாபம்.

முதல் பிழை முதல் நிமிடத்திலேயே நடந்தது. தூசியைத் துடைத்து, பிளக்கைச் செருகி, கசற்றைப் போட்டு அமத்தினேன். பத்து விநாடி ஓடியது, பிறகு பாடகர் நித்திரைக்குப் போவது மாதிரிக் குரல் இழுபட்டது, பிறகு நின்றது. திறந்து பார்த்தால் நாடா உள்ளே போய் றப்பர் உருளையில் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. நல்ல காலம், போட்டது ‘பழைய பாட்டு 4’. பழைய மெசினில் முதலில் கசற்றே போடக்கூடாது. வெறுமனே ஓடவிட்டு, நாடாவைச் சுற்றி எடுக்கிற பக்கத்து அச்சு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அது திரும்பாவிட்டால் இழுபட்டு வரும் நாடாவுக்குப் போக இடமில்லை, மெசின் தின்னத்தான் செய்யும்.

பின்பக்கம் ஆறு ஸ்குரூ. ஐந்தைக் கழற்றிவிட்டு நெம்பினேன், மூலையில் மெல்லிய வெடிப்பு. ஆறாவது ஸ்குரூ பற்றறி போடும் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு புத்தி வந்து, ஒவ்வொரு படிக்கும் போனில் படம் எடுத்தேன். பிளாஷ் போட்டு எடுத்த படங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை; எல்லா வயரும் ஒரே வெள்ளை. யன்னல் பக்கம் மேசையை இழுத்து, காலை வெயில் நேராக விழாதபடி வெள்ளைத்துணி ஒன்றைத் தொங்கவிட்டு எடுத்ததில்தான் எந்த வயர் எந்த நிறம் என்று தெரிந்தது. மொத்தம் 61 படம். எடுக்காமல் விட்ட ஒரே ஒரு படிதான், கடைசியில் ஒரு குட்டி ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் முழிக்க வைத்தது.

உள்ளே மோட்டரையும் சில்லுகளையும் இணைக்கும் றப்பர் பெல்ற் இல்லை. பெல்ற் இருந்த இடத்தில் கறுப்புக் களி இருந்தது. பழைய றப்பர் உருகித் தார் மாதிரி ஆகி, சில்லுகளிலும் மோட்டர்த் தண்டிலும் அப்பிக் கிடந்தது. தொட்ட விரலால் போனைத் தொட்டேன், கதவைத் தொட்டேன், கறுப்பியையும் தொட்டேன். கறுப்பி எங்கள் பூனை; அதன் நிறத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பாமசியில் 100 மில்லிலீற்றர் ஐசோபுரப்பைல் அல்ககோல் 480 ரூபாய்க்கு வாங்கி, காதுக்குடம்பிப் பஞ்சால் துடைத்தேன். ஒரு பெட்டி முடிந்தது, இரண்டரை மணித்தியாலம் போனது. களி முழுவதும் போகாமல் புதுப் பெல்ற் போட்டால் அது வழுக்கும், பிறகு அதுவும் ஊறும். இந்த வேலையில் அவசரப்படக்கூடாது.

புதுப் பெல்ற் எங்கே எடுப்பது? யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் பழைய ரேடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். “பெல்ற் இப்ப ஆர் தம்பி கொண்டு வாறது?” என்று சிரித்துவிட்டு, “நூலைச் சுத்தி அளந்து பாரும். அதில இருவதில ஒரு பங்கு குறைச்சு எடும்” என்றார். அந்த ஒரு வசனத்துக்குக் காசு வாங்கவில்லை. நான் அவர் சொன்னபடி உடனே செய்திருந்தால் ஒரு கிழமை மிஞ்சியிருக்கும். செய்யவில்லை.

குசினியில் இருந்த றப்பர் பாண்டைத்தான் முதலில் போட்டேன். ஓடியது, ஆனால் பாட்டு ஊஞ்சலில் இருந்து பாடுகிற மாதிரி இருந்தது. றப்பர் பாண்டின் தடிப்பு ஓரிடத்தைப்போல் ஓரிடம் இராது. பிறகு தண்ணிப்பம்புக்குச் சாமான் விற்கும் கடையில் வட்ட றப்பர் வளையம் மூன்று, 180 ரூபாய். தடிப்புக் கூட, மோட்டரே திணறியது. கடைசியில் ரேடியோக்காரர் சொன்னபடி தையல் நூலைச் சில்லுகளைச் சுற்றி விட்டு அளந்தேன்: 236 மில்லிமீற்றர். இருபதில் ஒரு பங்கு குறைத்தால் 224. வட்டமாக விரித்துப் பார்த்தால் விட்டம் 71 மில்லிமீற்றர், குறுக்கே சதுரமாக 1.2 மில்லிமீற்றர். கொழும்பில் இருந்து பல அளவுகள் கலந்த ஒரு பைக்கற் எடுப்பித்தேன், 850 ரூபாய், கூரியர் 400. அதில் 70 விட்டத்தில் ஒன்று இருந்தது. கச்சிதமாக இருந்தது.

இனி ஓடவேண்டும், ஓடியது. ஆனால் குரலில் ஒரு நடுக்கம். ஊஞ்சலாட்டம் போல ஆறுதலான ஆட்டம் இல்லை. குளிரில் பாடுகிறவரின் பல் அடிப்பது மாதிரி விரைவாக. விநாடிக்கு ஏழெட்டுத் தடவை. இந்தக் கணக்குத்தான் எனக்கு வழி காட்டியது. நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். நாடாவை இழுக்கும் உருக்குத் தண்டு 2 மில்லிமீற்றர் தடிப்பு, அதன் சுற்றளவு 6.3 மில்லிமீற்றர் அளவில். அப்படியென்றால் அது விநாடிக்கு ஏழரைத் தடவைதான் சுற்றும். நடுக்கமும் அதே எண்ணிக்கை. வில்லன் அந்தத் தண்டுதான், பெல்ற் அல்ல.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, துடைத்த பளபளப்பு மட்டும். போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோ போட்டு, ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து எடுத்தேன். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 32 படம் விழும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு கோடு மினுங்கிப் போனது. சாமணத்தால் மெல்லப் பிடித்து இழுத்தேன். வந்தது ஒரு மயிர். இரண்டு சுற்றுச் சுற்றி, தண்டோடு ஒட்டிக்கொண்டு, கறுப்பாக. வீட்டில் தலைமயிர் அவ்வளவு மெல்லிசாக உள்ளவர் ஒருவரும் இல்லை. ரேப் ரெக்கோடரைத் திறந்து வைத்துக் கரண்டும் கொடுத்திருந்த நாட்களில் உள்ளே ட்ரான்ஸ்போமர் சூடாகும். அதற்குப் பக்கத்தில் கறுப்பி சுருண்டு படுத்திருந்த படம்கூட நானே எடுத்து வைத்திருக்கிறேன், வடிவாக இருக்கிறதே என்று. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஒரு காட்போட் பெட்டியைக் கவிழ்த்து மூடுகிறேன். இப்போது அது பெட்டிக்கு மேலே படுக்கிறது.

பூனைக் கணக்கு அதோடு தீரவில்லை. தட்சிணாமூர்த்தி தவில் கசற்றில் நாடாவைப் பின்னால் இருந்து, அதில் பதிந்ததை வாசிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு கழன்றிருந்தது. அந்தக் கூடு ஒட்டி அடைத்தது, ஸ்குரூ இல்லை. ஓரத்தில் கத்தியால் பிளந்து, ஐந்து ஸ்குரூ உள்ள வேறொரு கூட்டுக்கு நாடாச் சுருளை மாற்றும்போது போன் அடித்தது. எழும்பினேன். திரும்பி வந்தபோது நாடா மேசையில் இருந்து கதவு வரைக்கும், கதவில் இருந்து விறாந்தைக்கும் போயிருந்தது. மறு நுனியில் கறுப்பி மல்லாந்து கிடந்து நாலு காலாலும் தவில் வாசித்துக்கொண்டிருந்தது. அறுபடவில்லை. நாலு மீற்றர் கசங்கியது. ஒரு பென்சிலால் அரைமணித்தியாலம் சுற்றி உள்ளே விட்டேன். அந்த நாலு மீற்றர், ஏறத்தாழ 84 விநாடி, இனி அப்படித்தான்: சத்தம் உள்ளே போய் வெளியே வரும்.

அடுத்த பிழை கெட்டித்தனத்தால் வந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கிறது. அதைத் திருப்பினால் ஹெட் ஒரு நூலளவு சரியும். சரிவு நாடாவோடு பொருந்தாவிட்டால் தாளச் சத்தம், ‘ச’, ‘ஸ்’ எல்லாம் மங்கிப்போகும். கடையில் வாங்கிய ஒரு நாதஸ்வரக் கசற்றைப் போட்டு, ஆகக்கூடிய கூர்மை வருமட்டும் அந்த ஸ்குரூவைத் திருப்பினேன். கால் சுற்றுக்கும் குறைவு. அருமையாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ‘அம்மம்மா 93’ ஐப் போட்டேன். தலையணைக்கு உள்ளே இருந்து பாடுகிற மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அந்தக் கசற் இதே மெசினில், இதே சரிந்த ஹெட்டில் பதிந்தது. மெசினின் கோணல் நாடாவிலும் இருக்கிறது. கோணலை நிமிர்த்தினால் கோணலில் பதிந்தது பொருந்தாது. நல்லவேளை, திருப்ப முன்னர் மனைவியின் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஸ்குரூவில் ஒரு கோடு போட்டிருந்தேன். கோட்டுக்குக் கோடு திரும்ப வைத்தேன். அம்மம்மா தலையணைக்கு வெளியே வந்தா. கடைக் கசற்றுக்கு ஒரு கோடு, வீட்டுக் கசற்றுக்கு ஒரு கோடு என்று இப்போது இரண்டு நிறத்தில் போட்டிருக்கிறேன்.

இனி வேகம். அம்மம்மாவின் குரல் எனக்கு ஞாபகம் இருந்ததைவிடச் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. முப்பது வருட ஞாபகத்தை நம்பி மோட்டரைத் திருப்பமுடியாது. வேகம் பார்க்கும் சோதனைக் கசற் என்னிடம் இல்லை. ஆனால் 1986 இல் இதே மெசினில், கரண்டில் போட்டு அப்பா பதிந்த ஒரு கசற் இருந்தது. கரண்டில் பதிந்தால் பாட்டுக்கு அடியில் ஒரு இரைச்சல் பதியும். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 தடவை அலையும்; அதனால் அந்த இரைச்சலும் 50, அதன் இரட்டிப்பு 100. திரும்பப் போடும்போது அது எத்தனையில் நிற்கிறது என்று பார்த்தால் வேகம் எவ்வளவு கூட, குறைய என்று தெரிந்துவிடும்.

1,250 ரூபாய் யூஎஸ்பி சவுண்ட் காட் ஒன்றால் லப்ரொப்பில் எடுத்து, ஓடாசிற்றி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில், எத்தனை ஹேர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம் போட்டேன். 50 இல் ஒரு கோடு ஊசி குத்தினாற்போல் நின்றது. மெசின் அச்சொட்டாகச் சரி என்று துள்ளினேன். ஒரு மணித்தியாலம் அந்தச் சந்தோஷம். பிறகு கசற்றை எடுத்துவிட்டு வெறும் மெசினை ஓடவிட்டாலும் அதே 50 வந்தது. நான் அளந்தது இன்றைக்குச் சுவரில் இருந்து வருகிற கரண்டை.

அப்போ கரண்ட் இல்லாமல் அளக்க வேண்டும். சந்திக் கடையில் நாலு பெரிய பற்றறி வாங்கினேன், 760 ரூபாய். கடைக்காரப் பெடியன் சாதாரணமாக எடுத்துத் தந்தான். இந்தப் பற்றறி யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் வரவே விடாத சாமான் என்று அவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள், வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மெசினைப் பற்றறியில் போட்டு, லப்ரொப்பின் சார்ஜரைக் கழற்றி, மெயின் சுவிட்சையும் அணைத்தேன். குசினியில் கிரைண்டர் நின்றது. “என்ன இது, திரும்பவும் அந்தக் காலமோ?” என்று அங்கிருந்து சத்தம் வந்தது. ஐந்து நிமிடம் தா என்றேன்.

ஊசி இப்போது 52.3 இல். அதன் இரட்டிப்பு 104.6 இல். மெசின் 4.6 வீதம் கூட வேகமாக ஓடுகிறது. அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது. மோட்டரின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கிறது, உள்ளே வேகம் திருத்தும் ஸ்குரூ. மணிக்கூட்டுக்காரர் பாவிக்கும் மெல்லிய ஸ்குரூ ட்ரைவரால், ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மயிரிழை திருப்பினேன். 51.2. இன்னொன்று. 49.6. மற்றப் பக்கம். நாலாவது தடவை 50.0. கிரைண்டர் திரும்ப ஓடியது.

இதற்குப் பிறகு ‘அம்மம்மா 93’ சரியாக வரவேண்டும். வரவில்லை. அதில் அம்மம்மா பாடும் ஊஞ்சல் பாட்டு நல்லாகத் தொடங்கும். இரண்டு, மூன்று நிமிடத்தில் சுருதி மெல்ல மெல்ல மேலே ஏறும், பிறகு திடீரென்று கீழே விழுந்து சரியான இடத்துக்கு வரும், திரும்ப ஏறும். மெசின்தான் என்று நினைத்துப் புதுப் பெல்ற்றை மாற்றினேன். றப்பர் உருளையைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணியில் கழுவினேன். மோட்டரையே மாற்றலாமா என்று விலை விசாரித்தேன். ஒரு கிழமை போனது. 1986 கசற்றைத் திரும்பப் போட்டால் 50 இல் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் பிழை மெசினில் இல்லை, நாடாவில்.

ஸ்பீக்கரை விட்டுவிட்டு, சாமத்தில் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். பாட்டுக்கு அடியில் ஒரு ‘ர்ர்ர்’ என்ற சத்தம், பாட்டு முழுவதும். சுருதி ஏறி ஆக உச்சத்தில் இருக்கும் இடத்தில், மைக்குக்குத் தூரத்தில், அப்பாவின் குரல்: “லைற் மங்குது, மிதியடா.” அடுத்த விநாடி சுருதி இறங்குகிறது.

மிதித்தது நான். 1993 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. 1990 இல் நின்ற கரண்ட் திரும்ப வரவில்லை, பற்றறி தடை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, சில்லோடு டைனமோவை முட்ட வைத்து மிதிப்பது; ஊரில் அரைவாசிப் பேர் அப்படித்தான் செய்தி கேட்டார்கள். டைனமோ 6 வோல்ட், மெசினும் நாலு பற்றறிக்கு 6 வோல்ட். டைனமோவில் வருவது நேரோட்டம் அல்ல; பழுதான ரேடியோவில் கழற்றிய நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு அப்பா அதை நேராக்கியிருந்தார். அம்மம்மா பாட, அப்பா மெசினின் சிவப்பு லைற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். லைற் மங்கினால் மிதிக்கிறவன் களைக்கிறான் என்று அர்த்தம்.

சுருதி ஏன் ஏறுகிறது என்பதில்தான் நான் கொஞ்சம் மாட்டுப்பட்டேன். களைத்தால் மோட்டர் மெதுவாகும், சுருதி இறங்கத்தானே வேண்டும்? பதியும்போது நாடா மெதுவாக ஓடினால் பாட்டு நாடாவில் நெருக்கமாகப் பதியும். இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் நெருக்கமாகப் பதிந்தது கெதியாகப் போகும், மேலே ஏறும். நான் களைக்கக் களைக்க அம்மம்மா இளமையாகிறா.

ஓடாசிற்றியில் இந்த ஏற்ற இறக்கத்தைத் துண்டு துண்டாகத் திருத்தலாம். இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மணித்தியாலம் இருந்து திருத்தினேன். பாட்டு நேரானது, அப்பாவின் குரல் கிணற்றுக்குள் போனது. இரைச்சல் நீக்கியால் டைனமோச் சத்தத்தையும் எடுத்துப் பார்த்தேன். அம்மம்மா தண்ணிக்குள் இருந்து பாடினா. இரண்டு கோப்பையும் அழித்தேன். பதிந்தபடியே, ஒற்றைத் தடமாக, 44,100 ஹேர்ட்ஸ், 16 பிற், வேவ் கோப்பாக எடுத்து வைத்திருக்கிறேன். 30 நிமிடம் 159 மெகாபைற். ஒரு பிரதி பென்ட்ரைவில், ஒன்று தங்கச்சிக்குப் போய்விட்டது.

மேலே சொன்ன செலவு எல்லாம் சேர்த்து 3,920 ரூபாய். இதில் வட்ட றப்பர் வளையம் சுத்த வீண். திரும்பச் செய்வதென்றால், றப்பர் பாண்டுக்குப் போகாமல் முதல் நாளே நூலால் அளப்பேன். யூஎஸ்பி சவுண்ட் காட்டை முதலில் வாங்கி, காதை நம்பாமல் ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்துகொண்டு போவேன். பஞ்சு கழன்ற கசற்றைக் கதவு பூட்டிய அறையில் திறப்பேன். பிளாஸ்ரிக் மூலையில் வந்த வெடிப்பை இன்னும் ஒட்டவில்லை.

அம்மாவுக்கு ஞாயிறு இரவு போட்டுக் காட்டினேன். எழுபத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம். ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தா. பாட்டைப் பற்றி ஏதாவது சொல்லுவா என்று பார்த்தேன். “டைனமோ சில்லில உரசுது,” என்றா. “அந்தச் சைக்கிளைத்தானே 95 இல சாவகச்சேரியில வித்தது.” யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த வருடம் அது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கையால் தொடையில் தாளம் போட்டா. அப்பா “மிதியடா” என்ற இடத்தில் தாளம் ஒரு தட்டு நின்று, திரும்பத் தொடங்கியது.

மற்றப் பக்கம் கேட்கவேண்டும் என்றா. மற்றப் பக்கத்தில் நாலு நிமிடம்தான் இருக்கிறது. அதில் நான் “அப்பா, கால் நோகுது” என்கிறேன், தங்கச்சி “நான், நான்” என்கிறாள், சைக்கிள் ஸ்ராண்ட் சரிகிற சத்தம், பிறகு வெறும் நாடா.